போப்புக்கு ‘கிக்கோ தாத்தா’, அதிபருக்கு ‘பாங்பாங்’: பிலிப்பைன்ஸ் பட்டப்பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரிலோ துபாயிலோ தோஹாவிலோ வேலை பார்க்கும் தமிழருக்கு பிலிப்பினோ சகா ஒருவராவது இருப்பார். அவர் பெயர் ‘பாய்’ என்றோ ‘பேபி’ என்றோ ‘ஜுன்ஜுன்’ என்றோ இருக்கவும் வாய்ப்பு உண்டு. அந்தப் பெயர்களைக் கேட்டதும் மனதில் எழும் கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும் இங்கே.

போப் பிரான்சிஸை ‘லோலோ கிக்கோ’ என்றார்களாமே? மரியாதைக் குறைவு இல்லையா?

‘லோலோ’ என்றால் தாத்தா. பிரான்சிஸ்கோ என்று பெயர் வைத்த பிள்ளையை வீட்டில் ‘கிக்கோ’ என்று கூப்பிடுவார்கள். இரண்டையும் சேர்த்தால் கிக்கோ தாத்தா. 2015 ஜனவரியில் போப் பிரான்சிஸ் பிலிப்பைன்ஸ் வந்தபோது ஊரெல்லாம் இந்தப் பெயர்தான். ஜனவரி 18 அன்று மணிலா ரிசால் பூங்காவில் அவர் நிறைவேற்றிய திருப்பலிக்கு 60 லட்சம் பேர் திரண்டதாக மதிப்பிட்டார்கள். கொட்டும் மழையில் நின்ற அத்தனை பேருக்கும் அவர் தாத்தா. மரியாதை குறைந்ததாக யாரும் நினைக்கவில்லை.

வெளிநாட்டுப் பிரபலங்களுக்கு பிலிப்பினோக்கள் வைத்த பெயர்களில் ஆகச் சிறந்தது இதுதான் என்பேன். உலகப் புகழ் பெற்ற ஒருவரை எட்ட நின்று வணங்குவது அவர்களுக்கு ஒத்துவராது. உறவுமுறை சொல்லி வீட்டுக்குள் அழைத்துவிட வேண்டும். கேலியாகத் தெரிகிற பெயர்களில்கூடப் பெரும்பாலும் இந்த ஆசைதான் ஒளிந்திருக்கும்.

உள்ளூர் கர்தினால்களும் தப்பவில்லை. லூயிஸ் அந்தோனியோ தாக்லேவுக்கு ‘சிட்டோ’. பாப்லோ விர்ஜிலியோ டேவிட்டுக்கு ‘அம்போ’. நம் ஊரில் அம்போ என்று விடப்பட்டவர்களைப் பற்றி நினைக்காதீர்கள், அது பாப்லோவின் செல்லச் சுருக்கம்.

கர்தினால் ‘சின்’ என்று ஒருவர் இருந்தது உண்மையா?

உண்மை. ஹைமே சின், 1974 முதல் 2003 வரை மணிலா பேராயர். சின் என்பது அவருடைய சீன வழிக் குடும்பப்பெயர். ஆங்கிலத்தில் அதே உச்சரிப்புக்குப் ‘பாவம்’ என்று பொருள். வீட்டுக்கு வருகிறவர்களை ‘பாவத்தின் இல்லத்துக்கு நல்வரவு’ என்று அவரே வரவேற்பாராம். அன்றைய அதிபர் மார்க்கோஸை வீழ்த்திய 1986 மக்கள் எழுச்சியில் வானொலி வழியே மக்களைத் தெருவுக்கு அழைத்தவரும் இதே மனிதர்தான்.

அதிபர்கள்கூடச் செல்லப்பெயரிலா உலா வருகிறார்கள்?

வாக்குச்சீட்டு வரைக்கும் வருகிறார்கள். வேட்புமனுவில் ஊரார் அறிந்த ஒரு செல்லப்பெயரையோ மேடைப் பெயரையோ சேர்த்துக்கொள்ளலாம் என்று அந்நாட்டுத் தேர்தல் சட்டமே சொல்கிறது. 2022 அதிபர் தேர்தல் வாக்குச்சீட்டில் ‘மார்க்கோஸ், பாங்பாங்’ என்றும், ‘லாக்சன், பிங்’ என்றும், ‘பாக்கியாவ், மேனி பேக்மேன்’ என்றும்தான் அச்சாகியிருந்தது. கடைசிப் பெயர் குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவுடையது. வென்ற பாங்பாங்கின் முழுப்பெயர் ஃபெர்டினாண்ட் ரொமுவால்டஸ் மார்க்கோஸ் ஜூனியர்.

அவருடைய குடும்பத்துக்கு நேர் எதிரான அக்கினோ குடும்பத்தையும் பாருங்கள். 1983-இல் மணிலா விமான நிலையத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட பெனிக்னோ அக்கினோ ஜூனியர் ‘நினாய்’. பின்னர் அதிபரான அவர் மனைவி கொராசோன் ‘கோரி’. 2010 முதல் 2016 வரை அதிபராக இருந்த மகன் ‘நொய்நொய்’. தமிழ்க் காதுக்கு யாரோ காதருகே நச்சரிப்பதுபோல இருக்கிறது, என்ன செய்ய. சகோதரிகள் பால்சி, பிங்கி, வியெல், கிரிஸ். நொய்நொய் அதிபரானதும் ‘பி-நொய்’ என்று சுருங்கினார். பிரசிடெண்ட் என்பதன் முதலெழுத்தும் அதில் இருக்கிறது, ‘பினாய்’ என்ற இனப்பெயரின் எதிரொலியும் இருக்கிறது.

அந்தப் ‘பினாய்’கூட ஒரு செல்லப்பெயர்தான். பிலிப்பினோ என்பதன் வாலை மட்டும் வெட்டி எடுத்து, 1920-களில் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன பிலிப்பினோக்கள் தங்களைத் தாங்களே அழைத்துக்கொண்டது. ஒரு தேசமே தனக்குச் செல்லப்பெயர் சூட்டிக்கொண்டபின் அதிபர் எம்மாத்திரம்?

இந்தச் செல்லப்பெயர்கள் எப்படி உருவாகின்றன?

பல வழிகள். நீளமான ஸ்பானியப் பெயரின் ஒரு துண்டை உடைத்து ‘இங்’ அல்லது ‘ஓங்’ ஒட்டுவது பழைய முறை. கொன்செப்சியோன் ‘கொன்சிங்’ ஆவாள். மானுவெல் ‘மானிங்’ ஆவான். ரமோன் ‘மொன்சிங்’. எதுவாவது ஓர் அசையை இரட்டிப்பது அடுத்த முறை: டின்டின், லென்லென், பிங்பிங். நடிகர் டிங்டாங் தாந்தெஸின் பதிவுப் பெயர் ஹோசே சிக்ஸ்டோ தாந்தெஸ் மூன்றாமவர். அவ்வளவு கனமான பெயரைத் தூக்கிக்கொண்டு யார் சினிமாவுக்குப் போவார்கள்?

அப்பா பெயரே மகனுக்கும் இருந்தால் அவன் ‘ஜூனியர்’. அது ‘ஜுன்’ ஆகி, பிறகு ‘ஜுன்ஜுன்’ ஆகும். ஒரே தெருவில் பல ஜுன்கள் இருப்பது சாதாரணம்.

எனக்குப் பிடித்தது எழுத்தைத் திருப்பிப் போடும் முறை. நண்பனை ‘பாரே’ என்பார்கள். அதன் எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் ‘எராப்’. 1998-இல் அதிபரான நடிகர் ஜோசப் எஸ்ட்ராடாவுக்கு நாடு முழுக்க எராப் என்றே பெயர். மணிலா மேயர் இஸ்கோ மொரேனோவை ‘யோர்மே’ என்பார்கள். மேயர் என்பதைத்தான் அசை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். ‘ஐடல்’ என்பது ‘லோடி’ ஆனதும் இப்படித்தான்.

பெரியவர்களானபின் கூச்சமாக இருக்காதா?

இருக்காது. 1955-இல் பிறந்த தொலைக்காட்சித் தொகுப்பாளர் யூஜெனியோ அபுண்டா இன்றைக்கும் ‘பாய்’ அபுண்டாதான், அதாவது பையன். காவல்துறைத் தலைவராக இருந்து செனட்டரான ரொனால்ட் டெலா ரோசாவை ‘பாத்தோ’ என்கிறார்கள், கல் என்று பொருள். செனட் தலைவராக இருந்த விசென்டே சோட்டோ ‘டிட்டோ’. அந்தச் சொல்லுக்கு மாமா என்றும் பொருள் உண்டு என்பதால் அவர் ஊருக்கே மாமா.

வெளிநாட்டு நட்சத்திரங்களின் பெயரைக் கடைப் பலகையில் பார்க்கலாம் என்கிறார்களே?

பார்க்கலாம். பிராட் பிட்டின் பெயரை ரொட்டிக்கு ஏற்ப வளைத்து ‘பிரெட் பிட்’ என்று ஒரு பேக்கரி. எலிசபெத் டெய்லரை வைத்து ‘எலிசபெத் டெய்லரிங்’ என்று தையற்கடை. லாஸ் வேகாஸின் சீசர்ஸ் பேலஸ் முடிதிருத்தும் கடையில் ‘சிசர்ஸ் பேலஸ்’ ஆகிவிடும். கேக்குக்குப் பெயர்போன கோல்டிலாக்ஸ் என்ற பெரிய பேக்கரித் தொடரைக் கிண்டலடித்து, ஜல்லியும் மணலும் விற்கிறவர் ‘கோல்டிராக்ஸ்’ என்று பலகை மாட்டிக்கொண்டதுதான் எல்லாவற்றிலும் உச்சம். ஆங்கிலம் பள்ளியில் படித்த மொழி, தகாலோக் வீட்டு மொழி, ஸ்பானியம் பெயர்களில் தங்கிப்போன மொழி. மூன்றும் வாயில் ஒன்றாகப் புரள்கிற ஊரில் சிலேடைக்குப் பஞ்சமா?

பிரபலங்கள் வழக்குப் போடுகிறார்களோ இல்லையோ, நிறுவனங்கள் போட்டிருக்கின்றன. ‘பிக் மாக்’ என்று பர்கர் விற்ற உள்ளூர்க் கடைமேல் மெக்டொனால்ட்ஸ் தொடுத்த வழக்கில் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2004-இல் மெக்டொனால்ட்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. செபுவைச் சேர்ந்த ‘மாக்ஜாய்’ என்ற துரித உணவகமும் 2007-இல் அதே நிறுவனத்திடம் தோற்றது. நீதிபதிகளுக்குச் சிலேடை ரசிக்கத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். வணிகச்சின்னச் சட்டம் வேறு கணக்கு.

‘எனக்கு டாம் ஜோன்ஸ்’ என்று என் சகா சொன்னார். பாட்டுப் பாடப் போகிறாரா?

அவருக்குப் பசிக்கிறது. சாப்பிட அழைத்துப் போங்கள்.

அங்கே ‘பாக்லா’ என்று அழைக்கப்படும் தன்பால் ஈர்ப்பினரும் திருநங்கையரும் வளர்த்தெடுத்த குழூஉக்குறி இது. பியூட்டி பார்லர்களிலும் மேடைகளிலும் புழங்கிய மொழி. பக்கத்தில் நிற்கும் அந்நியருக்குப் புரியாமல் பேச வேண்டிய தேவையிலிருந்து வளர்ந்தது. அதில் பிரபலங்களின் பெயர்கள் சாதாரணச் சொற்களாகிவிடும். அந்த நபருக்கும் பொருளுக்கும் எந்தச் சம்பந்தமும் இராது. ஓசை பொருந்தினால் போதும்.

பசிக்கு தகாலோகில் ‘குதோம்’. அசைகளை இடம் மாற்றினால் முன்னால் ‘தோம்’ வந்து நிற்கும். அங்கிருந்து வெல்ஷ் பாடகர் டாம் ஜோன்ஸ் ஓர் எட்டு தூரம்தான்.

மழை ‘உலான்’. கனடா நாட்டுப் பாடகி அலானிஸ் மோரிசெட் ‘ஜுலானிஸ் மோரிசெட்’ ஆகி மழையாகப் பொழிகிறார். சூடு ‘இனிட்’. வெயில் கொளுத்தினால் ஜேனட் ஜாக்சன் ‘ஜினிட் ஜாக்சன்’ ஆவார். அழுகைக்கு ‘கிரயோலா கொமேனி’. அழுவதற்கான ஆங்கிலச் சொல்லில் தொடங்கி, கிரேயான் பெட்டியில் ஏறி, ஈரானில் போய் இறங்குகிறது. ஏன் கொமேனி என்று கேட்டால் காரணம் கிடையாது. காரணமில்லாததுதான் வேடிக்கை.

எனக்குப் பிடித்த ஜோடி கடைத்தெருவில் இருக்கிறது. விலை அதிகம் என்றால் ‘மஹால்’. எனவே விலையைக் கேட்டு மலைத்தால் ‘மஹாலியா ஜாக்சன்’, அமெரிக்காவின் மாபெரும் நற்செய்திப் பாடகி. மலிவு என்றால் ‘முரா’. எனவே மலிவு விலைக்கு ‘முரையா கேரி’. உலகத்தின் விலையுயர்ந்த குரல்களில் ஒன்றான மரியா கேரியைத் தள்ளுபடி மேசையில் வைத்துவிட்டார்கள்.

உள்ளூர்ப் பெரியவர்களுக்கும் இடமுண்டு. கையில் காசில்லை என்றால் ‘பூரிட்டா காலாவ்’, புகழ்பெற்ற கலை விமர்சகரின் பெயர். அவர் வசதியான குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதை நினைத்துப் பாருங்கள். தோற்றால் ‘லூஸ் வால்டெஸ்’, நடிகையின் பெயர். தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் வழியே இந்தச் சொற்கள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டன. எல்லோருக்கும் புரிந்தபின் குறிமொழி எதற்கு? அதனால் இதை உருவாக்கியவர்கள் புதிது புதிதாக மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். மேலே சொன்னவற்றில் சில இளைஞர்களுக்கு இப்போது பழசாகத் தெரியலாம்.

டப்பிங் தொடர்களில் பாத்திரப் பெயர்களையே மாற்றிவிடுவார்களாமே?

2000-களில் கொரியத் தொடர்கள் தகாலோக் பேச ஆரம்பித்தபோது அப்படித்தான் செய்தார்கள். ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ தொடரின் காதலர்கள் அங்கே சோலோவும் ஜோடியும். ‘ஃபுல் ஹவுஸ்’ தொடரில் பாடகர் ரெயின் ஏற்ற நாயகன் ஜஸ்டின், நாயகி ஜெஸ்ஸி. கொரிய மூலத்தில் என்ன பெயர் என்று கேட்டால் அந்தத் தலைமுறை விழிக்கும்.

1990-களின் ஜப்பானிய அனிமே ஒன்று ‘கோஸ்ட் ஃபைட்டர்’ என்ற பெயரில் வந்தது. நாயகன் யூசுகே அங்கே யூஜின். மற்றவர்கள் ஆல்ஃபிரட், வின்சென்ட். நீளச் சிவப்பு முடி வைத்த குராமா என்ற பாத்திரத்தைப் பெண் என்று நினைத்து ‘டெனிஸ்’ என்று பெண் பெயர் சூட்டினார்கள். பின்னால் அது ஆண் என்று தெரிந்ததும் ‘டென்னிஸ்’ ஆக்கிவிட்டுத் தொடர்ந்தார்கள். இன்றைக்கு நடுவயதை நெருங்கும் பிலிப்பினோ யாரிடமாவது டென்னிஸ் பற்றிக் கேளுங்கள், நிறுத்த முடியாமல் பேசுவார்.

உள்ளூர்க் கலைஞர்களுக்கு வெளிநாட்டுப் பிரபலங்களின் பெயரைச் சூட்டுவதுண்டா?

தாராளமாக. 1950-களின் பாடகர் எட்டி மெஸா ‘பிலிப்பைன்ஸின் எல்விஸ் பிரெஸ்லி’ என்றே விளம்பரப்படுத்தப்பட்டார். நகைச்சுவை நடிகர்களோ கௌரவத்தைத் தலைகீழாக்கினார்கள். எலும்பும் தோலுமாக இருந்த பாலிட்டோ 1986-இல் ‘ராம்புட்டோ’ ஆக நடித்தார். ராம்போவோடு ‘புட்டோ’ என்ற எலும்பு சேர்ந்துகொண்டது. துப்பாக்கி ஏந்திய சில்வெஸ்டர் ஸ்டாலோனின் புஜத்தையும் பாலிட்டோவின் கையையும் பக்கத்தில் வைத்து நினைத்தால் வசனமே தேவையில்லை.

பட்டங்களும் நம் ஊர் சினிமா அளவுக்கே உண்டு. அங்கே ‘சூப்பர் ஸ்டார்’ என்றால் நோரா ஆனோர், 2025 ஏப்ரலில் மறைந்த நடிகை. ‘மெகா ஸ்டார்’ ஷரோன் குனேட்டா. இரண்டுமே பெண்கள் என்பதைத் தமிழ் ரசிகர்கள் கொஞ்சம் ஜீரணித்துக்கொள்ளவும்.

குழந்தைகளுக்கும் பிரபலங்களின் பெயரா?

ஆம். கூடைப்பந்து வெறி பிடித்த நாடு என்பதால் அமெரிக்க வீரர் கோபி பிரையன்ட்டின் பெயரில் நிறைய இளைஞர்கள். வீரர் பென்ஜி பாராஸின் மகன், 1997-இல் பிறந்த கோபி பாராஸ், அந்த வரிசையில் பிரபலமானவர். லெய்ட்டே தீவில் ஓர் ஊருக்கே அமெரிக்கத் தளபதி மக்ஆர்தரின் பெயர். 1975-இல் முகமது அலி, ஜோ ஃபிரேசியரோடு மோதிய அரங்குக்குப் பக்கத்தில் மறுவருடமே ‘அலி மால்’ திறந்தார்கள். ஸ்டாலின் என்ற பெயரில் முதலமைச்சர் கண்ட நாம் இதற்கு வியப்பது முறையல்ல.

‘ஜெஜோமார்’ மாதிரி பெயர்கள் எங்கிருந்து வருகின்றன?

ஜீசஸ், ஜோசப், மேரி மூன்றையும் சுருட்டினால் ஜெஜோமார். 2010 முதல் 2016 வரை துணை அதிபராக இருந்த ஜெஜோமார் பினாயின் பெயர் இது. லூசோன், விசாயாஸ், மிண்டனாவ் என்ற மூன்று தீவுக்கூட்டங்களைச் சேர்த்து ‘லூஸ்விமிண்டா’ என்று பெண்களுக்கு வைப்பார்கள். தேசப்படமே ஒரு பெண் பெயராகிவிடும். மரியா தெரேசா ‘மரிட்டெஸ்’ ஆவாள். பாவம், கொரோனா காலத்தில் ‘மரிட்டெஸ்’ என்றால் வம்பு பேசுகிறவர் என்று இணையத்தில் ஆகிவிட்டது. ‘மாரே (தோழி), என்ன லேட்டஸ்ட்?’ என்பதன் சுருக்கமாம்.

செனட்டர் ஜோக்கர் அரோயோவுக்கு அது பட்டப்பெயர் இல்லை, பதிவுப் பெயரே அதுதான். அப்பாவுக்குச் சீட்டாட்டம் உயிர். அண்ணன் பெயர் ஜாக்.

பெயருக்கு நடுவே சத்தமில்லாத ‘எச்’ எழுத்தை நுழைப்பது இன்னொரு வழக்கம். உச்சரிப்பு மாறாது, எழுத்தில் மட்டும் ஒரு மிடுக்கு. இதைப் பலர் ரசனைக் குறைவு என்று சிரிக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு நடைமுறைப் புத்தி தெரிகிறது. வேலைக்குச் சேர தேசியப் புலனாய்வுத் துறையின் சான்றிதழ் வாங்க வேண்டும். உங்கள் பெயரிலேயே வேறொருவர்மேல் வழக்கு இருந்தால் கணினி ‘ஹிட்’ என்று காட்டும். சான்றிதழ் கையில் கிடைக்க நாளாகும். டெலா குரூஸ்களும் சாந்தோஸ்களும் நிறைந்த நாட்டில் யாருக்கும் இல்லாத முதல் பெயர் ஒரு பாதுகாப்பு.

அளவுக்கு மீறிப் போய்விட்டால் பரிகாரமும் இருக்கிறது. முதல் பெயர் கேலிக்குரியதாகவோ, எழுதவும் உச்சரிக்கவும் மிகக் கடினமாகவோ இருந்தால், நீதிமன்றம் போகாமல் உள்ளூர்ப் பதிவாளரிடமே மனுக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று 2001-இல் சட்டம் வந்தது.

ஆசிய முகம், ஆனால் கார்சியா, ரெயெஸ், சாந்தோஸ் என்று குடும்பப்பெயர். எல்லோரும் ஸ்பானிய வம்சமா?

பெரும்பாலோர் இல்லை. 1849 நவம்பரில் ஆளுநர் நார்சிசோ கிளாவெரியா ஓர் ஆணை போட்டார். அதற்கு முன் மக்கள் விருப்பம்போல் புனிதர்களின் பெயரைப் பின்னால் சேர்த்துக்கொண்டார்கள். அப்பா ஒரு பெயர், பிள்ளை ஒரு பெயர். வரி வசூலிக்கிறவருக்குத் தலைசுற்றியது. ஏறக்குறைய 61,000 குடும்பப்பெயர்களை அகரவரிசையில் தொகுத்து, ஊர் ஊராகப் பக்கங்களைப் பங்கிட்டார்கள். விளைவு, ஓர் ஊர் முழுக்க ஒரே எழுத்து. அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் ஊரில் ‘ஆர்’ எழுத்துக் குடும்பங்கள் மொய்ப்பதை இன்றும் காணலாம்.

நான்கு தலைமுறையாக ஒரே குடும்பப்பெயரை வைத்திருந்தவர்களுக்கு விலக்கு உண்டு. பட்டியலில் உள்ளூர்ச் சொற்களும் இருந்தன. அதனால்தான் படாங்காஸ் பக்கம் டிமாயுகா, அதாவது ‘அசைக்க முடியாதவர்’, போன்ற கம்பீரமான பெயர்கள் கிடைக்கின்றன. கோஹுவாங்கோ, யூசெங்கோ போன்ற ‘கோ’ முடிவுப் பெயர்கள் சீன மூதாதையரைக் காட்டும். ஹொக்கியன் மொழியில் அண்ணனை மரியாதையாக அழைக்கும் விகுதி அது.

அவர்களுடைய நடுப்பெயர் படிவங்களில் குழப்புகிறதே?

அது அம்மாவின் குடும்பப்பெயர். மரியா சாந்தோஸ் ரெயெஸ் என்றால் சாந்தோஸ் அம்மா வழி, ரெயெஸ் அப்பா வழி. கல்யாணமானபின் கணவர் பெயரை ஏற்றால் ரெயெஸ் நடுவுக்கு நகர்ந்துவிடும். ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. இனிஷியலை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கவுன்டரில் தடுமாறும் தமிழருக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம்.

நம்மை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்?

பிலிப்பைன்ஸில் இந்தியர் என்றாலே ‘பும்பாய்’. பம்பாயிலிருந்து வந்த சொல். நீங்கள் தூத்துக்குடிக்காரர் என்றாலும் விதிவிலக்கு கிடையாது. பைக்கில் வந்து கடன் கொடுத்து வசூலிக்கும் பஞ்சாபியர்களை வைத்து உருவான பிம்பம் அது. அந்தக் கடனுக்கு ‘ஐந்து-ஆறு’ என்று பெயர். ஐந்து வாங்கினால் ஆறு கட்ட வேண்டும், நம் ஊர்த் தண்டல் போல. குழந்தை அடம்பிடித்தால் ‘பும்பாய் பிடித்துப் போய்விடுவான்’ என்று பயமுறுத்துவதும் உண்டு. சில இந்தியர்களுக்கு இது வலிக்கிறது, அதில் நியாயம் இருக்கிறது. செல்லப்பெயர் எல்லாமே அன்பில் பிறந்தது என்று நான் சொல்லத் தயாரில்லை. பெரிய வெங்காயத்துக்கும் அங்கே பம்பாய் பெயர்தான் என்பதை வேண்டுமானால் ஆறுதலாக வைத்துக்கொள்ளலாம்.

பழகிவிட்டால் கதை மாறும். ‘கூயா’ என்று அண்ணன் முறையிலோ ‘ஆத்தே’ என்று அக்கா முறையிலோ கூப்பிடுவார்கள்.

பிலிப்பினோ சகாவை நான் எப்படி அழைப்பது?

அறிமுகமாகும்போது அவரே செல்லப்பெயரைச் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார். நீங்களாக ஒன்றைச் சூட்ட வேண்டாம். உங்களைவிட மூத்தவர் என்றால் பெயருக்கு முன்னால் கூயா அல்லது ஆத்தே சேருங்கள். மேலதிகாரியாக இருந்தால் ‘சர் ஜுன்’, ‘மேம் பேபி’ என்று சொல்வதுதான் அங்கே வழக்கம். மேம் பேபி உங்கள் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறவராகவும் இருக்கலாம், சிரிப்பை அடக்கிக்கொள்ளுங்கள்.